திம்புல்ஸ்லோகோ: ஜாவாவின் வட கடற்கரையில் ஒரு கிராமம்

ஜாவாவின் கடலோரக் கிராமம் ஒன்று எப்படி இருக்கும், அங்கே என்ன தொழில், ஊரை யார் நடத்துகிறார்கள், போய்ப் பார்க்க முடியுமா என்பது கேள்வி. முதலில் எந்தக் கரை என்று சொல்லிவிட வேண்டும். தெற்குக் கரையில் இந்தியப் பெருங்கடல் நேராக வந்து மோதுகிறது. அங்கே பேரலை, சுண்ணாம்புப் பாறை, மணல்மேடு. வடக்கே ஜாவாக் கடல் ஆழம் குறைந்தது. கரை முழுக்கச் சேறு. பெரிய நகரங்கள், துறைமுகங்கள், ஆலைகள், 'பந்துரா' என்று எல்லோரும் சொல்லும் வட கடற்கரை நெடுஞ்சாலை எல்லாம் இந்தப் பக்கம்தான். சுற்றுலாப் பிரசுரங்களில் வருவது தெற்கு. ஜாவாவின் கடலோர வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வடக்கே போவதுதான் சரி என்பது என் எண்ணம். அதனால் மத்திய ஜாவா மாகாணம், டெமாக் மாவட்டம், சாயுங் வட்டத்தில் உள்ள திம்புல்ஸ்லோகோவையும் அதன் அக்கம்பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

செமாராங் நகரிலிருந்து பந்துராவில் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சாயுங். அங்கிருந்து கடலைப் பார்த்துத் திரும்பினால் ஸ்ரீவுலான், பெடோனோ, திம்புல்ஸ்லோகோ, சுரோடாடி என்று ஊர்கள். கிழக்கே இன்னும் போனால் டெமாக் நகரம். ஜாவாவின் முதல் இஸ்லாமிய சுல்தானகம் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரடென் பத்தா தலைமையில் எழுந்த இடம் அது. இன்று டெமாக் பெரிய பள்ளிவாசலின் முன் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. அந்தக் காலத்தில் அது துறைமுகம். ஜாவாவுக்கும் அன்று தனித் தீவாக இருந்த முரியா மலைக்கும் நடுவே ஒரு நீரிணை இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் அதைச் சிறிது சிறிதாகத் தூர்த்து நிலமாக்கிவிட்டது. 2024 பிப்ரவரியில் வுலான் ஆற்றின் கரை உடைந்து டெமாக்குக்கும் குதுஸுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை பல நாள் மூழ்கிக் கிடந்தபோது, "முரியா நீரிணை திரும்பி வந்துவிட்டது" என்று இந்தோனேசியா முழுக்கப் பேசினார்கள்.

இந்த வரலாறு தெரிந்தால்தான் இன்றைய சிக்கல் விளங்கும். சாயுங் நிற்பது வயது குறைந்த, இன்னும் இறுகாத களிமண் மேல். தன் எடையிலேயே அது அமுங்கும். அதோடு செமாராங்கின் கிழக்குப் புறத்து ஆலைகள் ஆழ்குழாய்க் கிணறுகளில் பல பத்தாண்டுகளாகத் தண்ணீர் இறைக்கின்றன. மணல் அடுக்கில் நீரழுத்தம் குறையக் குறைய, மேலே உள்ள களிமண் தன் நீரை விட்டு நசுங்குகிறது. இப்படி நசுங்கியது மறுபடி உப்பாது. சாயுங்கின் சில பகுதிகளில் நிலம் ஆண்டுக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை இறங்குகிறது. உலக அளவில் கடல்மட்டம் ஏறுவது ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் அளவில்தான். ஆகவே "கடல் உயர்ந்து ஊரை விழுங்குகிறது" என்று செய்திகளில் வருவது பாதிக் கதைகூட இல்லை. கடல் சற்றே ஏறுகிறது, ஊர் வேகமாக இறங்குகிறது. கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும்: மேல்மட்டக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டதால், குடிதண்ணீருக்கு இந்தக் கிராமங்களும் ஆழ்குழாய்க் கிணற்றைத்தான் நம்பியிருக்கின்றன.

கடல்நீர் ஏறி வந்து ஊருக்குள் நிற்பதை அங்கே 'ராப்' என்கிறார்கள். அந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். பெரும்பாலான நாட்களில் ஒரே ஒரு பெரிய ஏற்றம். ஒரு மீட்டர் ஏற்றமுள்ள இடத்தில் நிலம் பத்தாண்டில் ஒரு மீட்டர் இறங்கினால் கணக்கு என்ன ஆகும்? முன்பு வருடத்தில் சில நாள் நனைந்த தெரு, பிறகு மாதத்தில் சில நாள் நனையும், அப்புறம் தினமும், கடைசியில் வற்றத்திலும் தண்ணீர் போகாது. திம்புல்ஸ்லோகோவின் கடல்முகக் குடியிருப்பு இந்தக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் பகல் நேரத்து ராப் மிக உயரம். 2022 மே 23 அன்று செமாராங் துறைமுகத்தின் தடுப்பணை உடைந்ததும் அந்தப் பருவத்தில்தான்.

இங்கே முன்பு நெல் விளைந்தது, தென்னை நின்றது. 1980இல் அரசு இழுவலைக்குத் தடை போட்ட பிறகு, ஏற்றுமதிக்கான இறாலுக்குக் குளம் வெட்டுவது நாடெங்கும் ஊக்குவிக்கப்பட்டது. கரையோர அலையாத்திக் காடு வெட்டப்பட்டது. உப்பேறிய வயலும் 'தம்பாக்' ஆனது. உப்புநீர் மீன்குளத்துக்கு அதுதான் பெயர். சில வருடம் வரி இறால் நல்ல காசு கொடுத்தது. 1990களில் வெண்புள்ளி வைரஸ் வந்து குளம் குளமாகக் காலி செய்தது. அதற்குள் அலையைத் தாங்க முன்னால் காடும் இல்லை. குளக்கரை ஒவ்வொன்றாக உடைய, குளங்கள் சேர்ந்து திறந்த கடலாயின.

இன்னும் கரை நிற்கும் உட்புறத்தில் தம்பாக் நடக்கிறது. நம்பகமான மீன் பால்கெண்டை, அங்கே 'பண்டெங்'. நன்னீர் முதல் கடல்நீரை விட உப்பான நீர் வரை எதிலும் பிழைக்கும். குளத்தைச் சுற்றி உட்புறமாக ஆழமான ஒரு வாய்க்கால் ஓடும், அது 'சாரென்'. நடுவில் மேடான தளம். வெயில் நேரத்தில் மீன் வாய்க்காலில் பதுங்கும், மற்ற நேரம் தளத்தில் மேயும். மேய்வது 'குலேகாப்' என்ற பாசிப்படலத்தை. தரையில் மெத்தை போலப் படியும் அது. குலேகாப் நன்றாகப் படிந்தால் தீவனச் செலவே கிட்டத்தட்டக் கிடையாது. படியாவிட்டால் அந்தப் போகம் போச்சு.

குலேகாப்புக்கு முதல் தேவை காய்ந்த தரை. மதகைத் திறந்து வற்றத்தில் தண்ணீரை வடித்து, மண் வெடிக்கும்வரை ஒரு வாரம் பத்து நாள் காயப்போட வேண்டும். மிதித்தால் கால் ஒரு விரல்கடைக்கு மேல் புதையக் கூடாது. ரொம்பவும் காய விட்டாலும் ஆபத்து: பழைய அலையாத்தி மண்ணில் கந்தகம் கலந்த இரும்பு இருக்கும், காற்றுப் பட்டால் அமிலமாகும். அதனால் முதலில் விடும் தண்ணீரை ஒரு முறை அலசி வெளியேற்றிவிட்டு, அமிலத்தைப் பொறுத்து ஹெக்டேருக்கு அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை சுண்ணாம்பு போடுவார்கள். பிறகு 10 சென்டிமீட்டர் தண்ணீர் ஏற்றி, வேண்டாத மீனைக் கொல்லத் தேயிலைக்கொட்டைப் புண்ணாக்கு. ஒரு ஹெக்டேரில் அந்த ஆழத்துக்கு 1,000 கன மீட்டர் நீர் இருக்கும். 15 முதல் 20 கிலோ புண்ணாக்கு போதும். கொடுவா, திலேப்பியா போன்றவை செத்து மிதக்கும், இறால் சாகாது. புண்ணாக்கிலுள்ள சப்போனின் மீனின் சிவப்பு ரத்தத்தைத்தான் தாக்கும். இறாலின் ரத்தம் வேறு வகை. உப்பு குறைந்த நீரில், மழை மூட்டமான நாளில் போட்டால் சரியாக வேலை செய்யாது என்பதை விற்கிறவர்கள் சொல்வதில்லை.

அதன் பிறகு உரமிட்டுப் பாசி படியவிட்டு, நீரை மெல்ல மெல்ல 40, 50 சென்டிமீட்டருக்கு உயர்த்திக் குஞ்சு விடுவார்கள். பால்கெண்டைக் குஞ்சு பெரும்பாலும் பாலியின் வடகரையில் உள்ள கொண்டோல் பொரிப்பகங்களிலிருந்து வருகிறது. ஹெக்டேருக்கு ஓராயிரம், ஈராயிரம் குஞ்சு, கூடவே வரி இறால். நான்கு முதல் ஆறு மாதத்தில் கிலோவுக்கு மூன்று நான்கு மீன் நிற்கும். நடுவில் கெடுப்பது அடைமழை. நன்னீர் மேலே தனி அடுக்காக நிற்கும், குலேகாப் செத்துக் கழன்று மிதந்து அழுகும், விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். மதகின் மேல்பலகையை மட்டும் எடுத்து அந்த நன்னீரை வழித்துவிடத் தெரிந்தவர் தப்பிப்பார். அடிப்பலகையை எடுத்தால் நல்ல உப்புநீர்தான் போகும். பிடிப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு: ஏற்ற நேரத்தில் மதகைத் திறந்தால், உள்ளே பாயும் நீரை எதிர்த்துப் பால்கெண்டை தானாக மதகை நோக்கிக் கூட்டமாக வரும்.

இத்தனையும் தரை இறங்காத வரைக்கும்தான். குளத்தின் அடி வற்ற மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் மதகைத் திறந்தாலும் தண்ணீர் வடியாது. காயப்போட முடியாது, பாசி படியாது, வேண்டாத மீனை ஒழிக்க முடியாது. பம்பு வைத்து இறைத்தால் டீசல் செலவு லாபத்தைத் தின்றுவிடும். கரையை உயர்த்தலாம், ஆனால் மண்ணை அதே குளத்திலிருந்துதான் வெட்ட வேண்டும், குளம் இன்னும் ஆழமாகும். அதனால் கரை மேல் மூங்கில் நட்டு 'வாரிங்' என்ற நெருக்கமான நைலான் வலையைக் கட்டுகிறார்கள். ராப் கரையைத் தாண்டினாலும் மீன் வலைக்குள் நிற்கும் என்று கணக்கு. ஒரு நண்டு கடித்த ஓட்டை போதும், ஒரே இரவில் குளம் காலி.

குளம் இழந்தவர் மீனவராகிறார். பழைய குளத்தின் மேலேயே நீரோட்டத்தில் பைவலை கட்டி இறால் பிடிப்பதும், மூங்கில் நட்டுப் பச்சை ஆழியை, அதாவது பச்சைச் சிப்பியை வளர்ப்பதும் நடக்கிறது. சற்றுக் கிழக்கே போனாங் வட்டத்தில் பேதாவாலாங் என்ற ஊர் நீலக்கால் நண்டுக்குப் பேர்போனது. மடக்குக் கூண்டில் காரல் மீனை இரையாகக் குத்தி, ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டி, மாலையில் இறக்கிக் காலையில் தூக்குவார்கள். பிடித்த நண்டை ஊரிலேயே வேகவைத்துப் பெண்கள் சதையைப் பிரித்தெடுப்பார்கள். டப்பாவில் அடைபட்டு அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகும். ஓட்டின் அகலம் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த நண்டைப் பிடிக்கக் கூடாது என்று 2015 முதல் விதி இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குப் பருவக்காற்று. சின்னப் படகுகள் இறங்காது, கடன் ஏறும் மாதங்கள் அவை. இளையவர்களில் பலர் கடலை விட்டுச் சாயுங், கெனூக் ஆலைகளுக்குப் போகிறார்கள். ஊரின் நிலத்தடி நீரை உறிஞ்சுவதும் சம்பளம் கொடுப்பதும் ஒரே தொழிற்பேட்டை என்பதால் அங்கே யாரும் இதைப் பற்றிச் சுலபமாகப் பேசிவிட முடியாது.

வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாவானியர் வீடு மண்ணோடு ஒட்டியது. தூண்மேல் வீடு கட்டுவது அவர்கள் வழக்கமில்லை. ஆகையால் தண்ணீர் வந்தபோது முதலில் செய்தது 'உருக்': லாரியில் மண் கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டித் தரையை உயர்த்துவது. சுவரும் கூரையும் அப்படியே இருக்கும். இரண்டு மூன்று முறை உயர்த்தியதும் ஜன்னலின் அடிக்கட்டை கால்மட்டத்துக்கு வந்துவிடும். வாசற்படியில் பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். மின்சார மீட்டரும் பிளக்கும் மேலே மேலே ஏறும். கூரையைப் பிரித்து உயர்த்த வசதி உள்ளவர் உயர்த்துவார். சாலை மூழ்கி லாரி வராமல் போன பிறகு மண்ணும் கிடையாது. பிறகு வீட்டுக்குள்ளேயே மரச்சட்டம் அடித்துப் பலகைத் தளம். இன்று திம்புல்ஸ்லோகோவில் அந்தப் பலகைக்கு அடியில் கடல் சலசலக்கும். வீட்டுக்கு வீடு போவதும் பலகைப் பாலத்தில்தான். ஊரார் பணமும் உழைப்பும், வெளியார் நன்கொடையும் சேர்ந்து போட்ட பாலம். மோட்டார் சைக்கிளை உள்ளூரில் வைத்தால் சில மாதத்தில் துரு தின்றுவிடும். இடுகாடும் தண்ணீரில், யாராவது இறந்தால் வற்ற நேரம் பார்த்துத்தான் அடக்கம்.

பக்கத்துப் பெடோனோவில் இரண்டு குடியிருப்புகள் மொத்தமாகவே பெயர்ந்தன. தம்பாக்சாரி 2000ஆம் ஆண்டை ஒட்டி. ரெஜோசாரி செனிக் 2006இல். செனிக்கிலிருந்து மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் போயின. அங்கேயே தங்கிய ஒரு குடும்பம் வருடக்கணக்காக அலையாத்தி நட்டு, வீட்டைச் சுற்றி ஒரு காட்டையே எழுப்பியிருக்கிறது. கொக்கும் நாரையும் அடைகின்றன. தம்பாக்சாரியில் மார்க்க அறிஞர் ஷேக் முத்ஸாக்கிரின் அடக்கத்தலம் கடலுக்கு நடுவே நிற்கிறது. சுற்றிலும் எல்லாம் மூழ்கியும் கல்லறை மூழ்கவில்லை என்ற நம்பிக்கையோடு யாத்ரீகர்கள் வருகிறார்கள்.

கரையைக் காக்க நடந்த முயற்சிகளில் கவனிக்க வேண்டியது மூங்கில் தடுப்பு. 2015 முதல் இந்தோனேசிய மீன்வள அமைச்சகமும் ஈரநிலப் பாதுகாப்பு அமைப்பான வெட்லாண்ட்ஸ் இன்டர்நேஷனலும் டச்சு நிபுணர் குழுக்களும் சேர்ந்து இதைச் செய்தன. கான்கிரீட் சுவர் அலையைத் திருப்பி அடித்துத் தன் காலடிச் சேற்றையே அரித்துவிடும். அதற்கு மாற்றாக, இரண்டு வரிசை மூங்கில் கழிகளைச் சேற்றில் ஆழமாக அடித்து, நடுவே சுள்ளிக் கட்டுகளைத் திணித்து, மேலே வலை போட்டுக் கட்டுவது. அலை ஊடே போகும், வேகம் மட்டும் குறையும். பின்னால் வண்டல் படியும். வண்டல் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் வந்ததும் வெண்கண்டல் விதை தானாக முளைக்கும். மொத்தம் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் கட்டினார்கள். கோட்பாடு சரிதான். சில இடங்களில் மண்ணும் படிந்தது, கன்றும் எழுந்தது. கெடுத்தவை மூன்று. கப்பல் புழு மூங்கிலை உள்ளிருந்து குடைந்து ஓராண்டு இரண்டாண்டில் ஒடித்தது. பிற்பாடு சிமென்ட் நிரப்பிய பிவிசி குழாய் போட்டுப் பார்த்தார்கள். சுள்ளி அமுங்கியும் அடித்துப்போயும் குறைந்தபடி இருக்க, மாதா மாதம் திரும்ப நிரப்ப ஆளும் பணமும் வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டல் சேரும் வேகத்தை விட நிலம் இறங்கும் வேகம் அதிகம். ஆழ்குழாய்க் கிணறுகளை மூடாமல் சுள்ளி கட்டுவதில் எவ்வளவு பலன் என்பதை எந்தப் பொறியாளரும் அந்தக் கரையில் ஒரு வருடம் நின்றால் சொல்லிவிடுவார்.

இதே காரணத்தால்தான் நிறுவன விளம்பரத்துக்காக வரிசை வரிசையாக நடப்படும் சுரபுன்னைக் கன்றுகள் சாகின்றன. நட எளிது, படத்தில் அழகு. ஆனால் அவற்றை நடும் இடம் பெரும்பாலும் சராசரிக் கடல்மட்டத்துக்குக் கீழே. நாளில் பாதி நேரமாவது கன்றின் தலை நீருக்கு வெளியே இருக்கவேண்டும். இல்லையென்றால் கொட்டலசு என்ற ஓடுள்ள சிற்றுயிர் ஒட்டி, அலையில் ஆடி, சாய்ந்துவிடும்.

இப்போது வந்திருப்பது செமாராங்-டெமாக் சுங்கச்சாலை. சாயுங்கிலிருந்து டெமாக் வரையிலான பகுதி 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. செமாராங்கிலிருந்து சாயுங் வரையிலான பகுதி கடல்மேல் போகிறது. சாலையே கடற்சுவராகவும் இருக்கும்படி திட்டம். சேற்றின் மேல் மூங்கில் பாய் அடுக்கி அதன்மேல் மண் ஏற்றுகிறார்கள். சுவருக்கு உள்ளே இருப்பவர்களுக்கு ராப் குறையலாம். கடல் பக்கம் விடுபட்ட குடியிருப்புகளுக்கு அலையும் நீரும் கூடும் என்ற அச்சம் உண்டு, அது நியாயமான அச்சம்.

நிர்வாகம் எளிது. 'தேசா' என்பது கிராமம். அதற்குள் 'டுசுன்' என்ற குடியிருப்புகள். அதற்கும் கீழே சில பத்து வீடுகளுக்கு ஒரு ஆர்டி, பல ஆர்டிகளுக்கு ஓர் ஆர்வே. இந்தக் கடைசி அமைப்பு இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜப்பானிய ஆட்சியில் வேர் கொண்டது. கிராமத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறாண்டாக இருந்த பதவிக்காலம் 2024 சட்டத்திருத்தத்தில் எட்டாண்டு ஆனது. 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு நிதி நேரடியாகத் தேசாவுக்கு வருகிறது. ஜாவாவுக்கே உரியது 'பெங்கொக்': கிராம அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விடப்பட்டு வந்த நிலம். கடலோரத்தில் அந்த நிலமும் மூழ்கிவிட்டது.

மூழ்கிய நிலத்தின் பட்டா என்ன ஆகும்? இந்தோனேசியச் சட்டத்தில் 'அழிந்த நிலம்' என்று ஒரு வகை உண்டு. அப்படி அறிவிக்கப்பட்டால் உரிமை போய்விடும். சுங்கச்சாலைக்காகக் கடலடி நிலம் தேவைப்பட்டபோது, பட்டா வைத்திருந்தவர்களுக்கு முழு இழப்பீடு என்றில்லாமல் 'கெரோஹிமான்' என்ற கருணைத்தொகைதான் பேசப்பட்டது. மூழ்கிய குளத்துக்கு மூங்கில் நட்டு இன்றும் எல்லை காட்டுகிறவர்களைப் பார்த்தால் காரணம் இதுதான்.

ஊர் நாட்காட்டி பள்ளிவாசலைச் சுற்றியது. நஹ்தலத்துல் உலமா என்ற மரபுவழி இஸ்லாமிய அமைப்பு வலுவான பகுதி. வியாழன் இரவுகளில் வீடுகளில் தஹ்லில் என்ற பிரார்த்தனையை ஓதி, சாப்பாடு பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். மோரோடெமாக் துறையில் நோன்புப் பெருநாளுக்குப் பிந்தைய ஷவ்வால் மாதத்தில் கடலுக்குப் படையல் நடக்கும். சாப்பாட்டில் செமாராங் பக்கத்துக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது அழுத்தக் கொப்பரையில் மஞ்சள், பூண்டு, உப்போடு ஒன்றரை இரண்டு மணி நேரம் வேகவைத்த பால்கெண்டை. அந்த மீனில் முள் அதிகம். இப்படி வெந்தால் முள்ளோடு மெல்லலாம்.

போய்ப் பார்ப்பவருக்கு: செமாராங்கில் தங்கி, காலையில் வாடகை மோட்டார் சைக்கிளில் சாயுங் போவது வசதி. புறப்படுமுன் இந்தோனேசிய வானிலைத்துறையான பிஎம்கேஜியின் ஏற்ற வற்ற முன்னறிவிப்பைப் பாருங்கள். ஏற்ற நேரத்தில் உள்சாலையில் வண்டி அணைந்துவிடும். வெறுங்காலோடு மூழ்கிய கரைகளில் நடக்காதீர்கள், சிப்பியும் கொட்டலசும் பாதத்தைக் கிழிக்கும். இரவு தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆர்டி தலைவரிடம் பெயர் சொல்ல வேண்டும் என்று பலகையே இருக்கும். நடுவயது ஆணைப் 'பாக்', பெண்ணை 'பூ', மூத்தவர்களை 'ம்பா' என்று கூப்பிடலாம். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். தேநீர் கொடுத்தால், 'மொங்கோ' என்று அவர்கள் சொன்ன பிறகு எடுத்துக் குடிப்பதுதான் மரியாதை. வெள்ளிக்கிழமை நண்பகலில் யாரையும் சந்திக்கத் திட்டமிடாதீர்கள். பலகைப் பாலத்தில் எதிரே சுமையோடு வருபவருக்கு ஓரமாக ஒதுங்கி வழிவிடுங்கள், அகலம் அவ்வளவுதான்.